மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வந்த ஓட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏரியூர்ப் பக்கம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்துக் காட்டியே நிறுத்தியவன் நான். மறியல் செய்கிறவர்கள்கூட ரோட்டில் படுத்து, போலீஸ் வந்து தூக்கும்வரை வெயிலில் காய வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை. கையிலிருந்த போண்டாவைத் தின்று முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இதை எழுதத் தோன்றியது போன மாதம், தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் மல்லாந்து கிடந்தபோது. வயிற்றுக்குள் என்னவோ சரியில்லை என்று டாக்டர் அனுப்பியிருந்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் சில்லென்று எதையோ பிதுக்கி என் தொப்பையில் தடவினாள். கருவியை வைத்து அழுத்தியதுதான் தாமதம், திரையில் என் கல்லீரல் வந்து நின்றது. எங்கள் காலத்தில் ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் தவம் கிடந்திருக்கிறோம். வயிற்றெரிச்சலாக இருந்தது. அதுவும் திரையில் தெரிந்ததோ என்னவோ.

"ஏம்மா, இந்த ஜெல்லு எதுக்குத் தடவறாங்கன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு ஆள் சிக்கினால் விடுவானா?

"நடுவுல காத்து பூராம இருக்கத்தாங்க சார்."

"நாங்க அந்தக் காலத்துல இதுக்குக் களி தடவுனோம்."

"களியா? வயித்து மேலயா?"

"இல்லம்மா. பாலத்து மேல."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க சார். பேசக்கூடாது."

அன்று பிடித்த மூச்சை இங்கேதான் விடுகிறேன்.

நான் மொரப்பூர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிகல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சால்டரிங் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். கன்னடத்தில் பேசக் கற்றுக்கொண்டேன். இரண்டிலும் மற்றவர்கள் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது போகப் போகத்தான் புரிந்தது. எண்பதுகளின் நடுவில் என்னை டாக்டர் வனஜாவின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் என் உத்தியோகம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

வனஜா மேடம் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எடுப்பது போலிருக்கும். யாரையும் திட்டமாட்டார். "தப்பு" என்ற வார்த்தையே அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சொல் வைத்திருந்தார்: "ஹௌதா?" அப்படியா என்று அர்த்தம். குறுகிய ஹௌதா என்றால் சரி, மேலே போ என்று பொருள். நடுத்தர ஹௌதா என்றால் போய் மறுபடி அளந்து வா. நீண்ட ஹௌதா வந்துவிட்டால், அன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது உத்தமம்.

எங்கள் வேலை இதுதான். குளத்தில் எருமை முங்கிக் கிடக்கிறது. நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிறீர்கள். ஒரு கல்லை எறிகிறீர்கள். அலை போய் எருமை மேல் பட்டுச் சிதறிக் கரைக்கு வருகிறது. கரை நெடுகக் காலை நனைத்து, எந்த இடத்தில் அலை எப்போது வந்தது, எவ்வளவு பலமாக வந்தது என்று மட்டும் பார்த்து, எருமையின் படத்தை வரைய வேண்டும். எருமை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அலை எப்படிச் சிதறும் என்று சொல்லிவிடலாம். சிதறிய அலையிலிருந்து எருமையைச் சொல்வது தலைகீழ்க் கணக்கு. முதலில் ஏதோ ஓர் எருமையை நாமாக வைத்துக்கொள்வோம். அது இருந்தால் அலை எப்படி வந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். உண்மையில் வந்த அலையோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போகவில்லையென்றால் கொம்பை நீட்டும், வாலைக் குறைக்கும், மறுபடி கணக்குப் போடும். வித்தியாசம் குறையக் குறைய எருமை உருவாகிக்கொண்டே வரும்.

நாங்கள் கல்லுக்குப் பதில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பினோம். குளத்துக்குப் பதில் காங்கிரீட். மற்றபடி சங்கதி அதேதான். ஒரே ஒரு ஆபத்து உண்டு. கம்ப்யூட்டர் ஒருநாளும் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லாது. கொடுத்த அலை பொய் என்றால், அந்தப் பொய்க்குக் கனகச்சிதமாகப் பொருந்துகிற எருமையை வரைந்து கொடுத்துவிடும். மேடம் இதை அடிக்கடி சொல்வார். நானும் அடிக்கடி தலையாட்டுவேன்.

இனி பாலத்துக்கு வருகிறேன். ஏரியூருக்குப் போகிற வழியில் ஓர் ஓடை. அதன்மேல் கட்டி முடித்துச் சில வருடங்களே ஆன பாலம். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே இன்னும் என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மழைக்கு நடுத்தூணிலிருந்து ஒரு பத்தை காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உடனே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: கான்ட்ராக்டர் தூணுக்குள் மண் மூட்டையைப் போட்டு மூடிவிட்டான். இரண்டாவது வாரத்தில் மூட்டை செத்த கன்றுக்குட்டியாக வளர்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஆளையே உள்ளே வைத்துக் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். காணாமல் போன ஆள் யார் என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை.

கான்ட்ராக்டர் எப்போதோ வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்தது ஓவர்சியர் அந்தோணிசாமி. அந்தப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை; தன் கிராமத்திலிருந்து படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள். தூணுக்குக் காங்கிரீட் போட்ட அன்று மேற்பார்வை அவர்தான். தூணுக்குள் ஓட்டை என்றால் அவருக்கு வேலை போய்விடும். பாலத்தை உடைத்துப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வழியுண்டா என்று மேலிடத்திலிருந்து எங்கள் நிலையத்துக்குக் கேட்டு எழுதினார்கள். நம் ஜில்லா என்பதால் மேடத்தோடு என்னையும் அனுப்பினார்கள்.

கருவிகளோடு மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கினோம். நான் என் ஊர் ஸ்டேஷனில், என் ஊர்க்காரர்கள் பார்க்க, பெட்டி பெட்டியாக இறக்கிய பெருமிதத்தில் ஒரு டப்பாவை சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். அது கிரீஸ் டப்பா. ஒலி அனுப்பும் ப்ரோபுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே துளிக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது; அதற்காகத் தடவுகிற கிரீஸ். ரயில் அதைப் பத்திரமாக அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டது.

பாலத்தடியில் போய்ப் பெட்டிகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மேடத்திடம் சொன்னேன். "ஹௌதா?" என்றார், நடுத்தரமாக.

அந்தோணிசாமிதான் கைகொடுத்தார். "குழகுழன்னு ஏதாச்சும் இருந்தாப் போதுங்களா மேடம்? எங்க வூட்டுல களி கிண்டி வெச்சிருக்காங்க. தண்ணி ஊத்திக் கரைச்சுக் கொண்டாரட்டுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வரவில்லை. களியை வரவழைத்தார். கூடவே கொண்டுவந்திருந்த ஒரு காங்கிரீட் துண்டில் தடவி, இரண்டு பக்கமும் ப்ரோபை வைத்துத் திரையைப் பார்த்தார். அலை கிரீஸில் வருவதைப் போலவே துல்லியமாக வந்தது. விரலில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சரியாக இருக்கிறது" என்றார். ஆராய்ச்சிக் கூடத்து வரலாற்றில் ஒரு பசைக்கு இப்படி நற்சான்று கிடைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அளக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்லங்கம் அதில்தான் இருக்கிறது. தூணைச் சுற்றி நெஞ்சு உயரத்தில் பதினாறு இடங்களில் சுண்ணாம்பால் வட்டம் போடுவோம். காலையிலேயே எல்லா வட்டத்திலும் மொத்தமாகப் பசையைத் தடவிவிடுவோம். ஒவ்வொரு தடவையும் தடவிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். முதல் வட்டத்தில் ஒலியை அனுப்பி மற்ற வட்டங்களில் ஒவ்வொன்றாகக் கேட்பது. அப்புறம் இரண்டாவதிலிருந்து அனுப்புவது. இப்படியே சுற்றி வர வேண்டும். தூணின் மேற்குப் பக்கம் முழங்கால் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கிழக்குப் பக்கம் நல்ல மேடான மணல். மேடம் மணலில் திரையின் முன் உட்கார்ந்து அளவுகளைச் சொல்வார், நான் தண்ணீரில் நின்று ப்ரோபைப் பிடிப்பேன். உத்தியோக வரிசைப்படி சரியான ஏற்பாடு. மின்சாரத்துக்குப் பெண்ணாகரத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் பாயிடமிருந்து ஜெனரேட்டர் வந்திருந்தது. அது போட்ட சத்தத்தில் காக்கைகூட ஓடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கருவிகளைத் தூக்கிக்கொண்டு அந்தோணிசாமி வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். களியும் கோழிக் குழம்பும். காலையில் தூணுக்கு என்ன சாப்பாடோ அதேதான் எங்களுக்கும், குழம்புதான் கூடுதல். அவருடைய மனைவி, "நல்லா சாப்புடுங்க தம்பி, உங்க கையிலதான் இருக்குது" என்று மூன்றாவது உருண்டையை வைத்தார். எது என் கையில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மிச்சத்தை அளந்து முடித்தோம்.

பெங்களூர் திரும்பியதும் என் புத்திசாலித்தனம் வேலை செய்ய ஆரம்பித்தது. மூன்றிலிருந்து பதினொன்றுக்கு அனுப்பியது ஓர் அளவு. பதினொன்றிலிருந்து மூன்றுக்கு அனுப்பியது இன்னோர் அளவு. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, ஒரே எண்ணாகக் கொடுத்தால், கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டைகளில் துளைபோடுகிற வேலை பாதி மிச்சம். அப்படியே செய்தேன். மேடத்திடம் சொல்லவும் செய்தேன். அவர் வேறு எதையோ படித்துக்கொண்டே குறுகிய ஹௌதா ஒன்று சொன்னார். அது என் பேச்சுக்கா, படித்துக்கொண்டிருந்ததற்கா என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் காலத்துப் படம் என்றால் நீங்கள் நினைக்கிற படம் இல்லை. அகலமான காகிதத்தில் பிரின்டர் எழுத்துகளை அடித்துத் தள்ளும். நல்ல காங்கிரீட் இருக்கிற இடத்தில் புள்ளி. சந்தேகமான இடத்தில் கூட்டல் குறி. மோசமான இடத்தில் எழுத்தின் மேல் எழுத்தாக அடித்துக் கருப்பு. பத்தடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் படம் தெரியும். எங்கள் படத்தில் வட்டமான தூணின் கிழக்கு ஓரத்தில், கன்னங்கரேலென்று, நல்ல மூட்டையளவுக்கு ஒன்று தெரிந்தது.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "யாரிடமும் காட்ட வேண்டாம். நீங்கள் போய்த் தூணின் சுற்றளவை மறுபடி அளந்து வாருங்கள்" என்றார்.

போனேன். அளந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தேன். படத்தின் நகல் ஒன்று பையில் இருந்தது. நம்மூர்ப் பக்கம், கண்டுபிடித்தவன் நான், எதிரே ஏழெட்டுப் பேர். இனி ஒரு மனிதனால் எவ்வளவுதான் தாங்க முடியும்?

"இதாங்க தூணுக்கு உள்ள. எக்ஸ்ரே மாதிரி" என்று விரித்தேன்.

"அடங்கொப்புரானே, மூட்டையேதான்!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"மூட்டையில்ல மாமா, நல்லாப் பாருங்க, ஆளு குந்தியிருக்காப்பல இருக்குது. இந்தா தலை."

"கெழக்கால பாத்துக் குந்தியிருக்கான் பாவம்."

பஸ் டிரைவர் துரைசாமி பெஞ்சின் மறுமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். டம்ளரை வைத்தார். பஸ்ஸில் ஏறி, வண்டியைப் பின்னாலேயே எடுத்து, பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு இறங்கினார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க. அந்தப் பக்கம் போறவங்கல்லாம் நடந்து போயிக்கிங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வழியில் பஸ் பாலத்தைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்கள் கத்திரிக்காய்க் கூடையையும் காய்ச்சல்காரப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். நடக்கும்போது மறக்காமல் அந்தோணிசாமியின் பெயரைச் சொல்லிச் சொல்லி நடந்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு வந்தது.

அந்தச் சேதி காதில் விழுந்ததும் நானாகவே ஒருமுறை ஊர்ப்பக்கம் போனேன். என்ன சொல்லலாம் என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, அன்னிக்கு என் பொண்ணுக்கு நல்ல காய்ச்சலுங்க. வூட்டுல இருந்து ஆளு மேல ஆளு வந்து கூப்புட்டாங்க. காங்கிரீட்ட பாதியில வுட்டுட்டுப் போவக்கூடாதுன்னு நின்னே போட்டேன். உள்ள எறங்கற ஒவ்வொரு சட்டியையும் பாத்தேன். உங்க மிஷின் பொய் சொல்லாதுன்னு சொல்றாங்க. அப்பறம் நான் எதத்தான் பாத்தேன்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

பெங்களூர் போய் மேடத்திடம் டீக்கடைச் சமாச்சாரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு உரிய நீண்ட ஹௌதா வந்தது. அன்று எடுத்த மூல அளவுகளை, நான் பாதியாக்குவதற்கு முன் இருந்தபடியே கேட்டார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, மூன்றிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து மூன்று என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தார்.

"சண்முகம், இந்தப் பக்கமிருந்து நீங்கள் கூப்பிட்டு நான் அந்தப் பக்கம் கேட்கிறேன். இடம் மாறி நின்று கூப்பிட்டால் வேறு மாதிரி கேட்குமா?"

"கேட்காது மேடம். நடுவுல என்ன இருந்தாலும் ரெண்டும் ஒண்ணுதான்."

"இங்கே ஒன்றாக இல்லை."

பார்த்தேன். கிழக்குப் பக்கத்து வட்டங்கள் வருகிற ஜோடிகளில் மட்டும் ஓர் அளவு பலமாகவும், அதன் ஜோடி சோனியாகவும் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய மகான் நான் என்பதால், சோனி பலத்தோடு கலந்து ஒரு நடுவாந்திரப் பொய்யாகி, கம்ப்யூட்டருக்குப் போய், மூட்டையாக வெளிவந்திருந்தது.

மேடம் பென்சிலால் ஒவ்வொன்றின் மேலும் தட்டிக்கொண்டே வந்தார். பலமானவை எல்லாம் காலையில் எடுத்தவை. சோனியானவை எல்லாம் பிற்பகலில் எடுத்தவை.

பென்சிலைக் கீழே வைத்தார். "விசித்திரமான ஓட்டை," என்றார். "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது."

அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்காததால் நான் இருமிவைத்தேன்.

மறுபடி போனோம். இந்தத் தடவை கிரீஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ஆனால் அதைத் திறக்க வேண்டாம் என்றார் மேடம். அன்று நடந்தது அப்படியே மறுபடி நடக்க வேண்டும். அதே களி, அதே உப்பு, அதே ஜெனரேட்டர். அந்தோணிசாமியின் மனைவி மறு பேச்சில்லாமல் களி கிண்டிக் கொடுத்தார். இந்த முறை "நல்லா சாப்புடுங்க" என்று சொல்லவில்லை. காலை அளவுகள் முடிந்தன. எல்லாமே பலமாக வந்தன. மத்தியானம் ஜெனரேட்டரை நிறுத்தினோம். கருவிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கரைமேல் ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், மேடம், அந்தோணிசாமி, நான், மூன்று பேரும் திருடர்கள் மாதிரி குந்திக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓடை வளைவிலிருந்து ஒரு கருப்பு வெள்ளாடு வந்தது. நேராகத் தூணிடம் போனது, வழக்கமாகக் கடைக்கு வருகிற ஆள் மாதிரி. முன்னங்கால்களைத் தூணில் ஊன்றி எழுந்து நின்று, மூன்றாம் வட்டத்தை நக்க ஆரம்பித்தது. பின்னாலேயே அதன் பரிவாரம். நான்காம் வட்டத்துக்கு ஒன்று, ஐந்தாம் வட்டத்துக்கு இரண்டு. மேற்குப் பக்கம் தண்ணீர் என்பதால் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆடு தண்ணீரில் கால் வைக்குமா? மணல் மேட்டில் நின்றபடி எட்டுகிறதை மட்டும், வெகு சுத்தமாக, உப்பு ருசியோடு துடைத்து எடுத்தன. களியில் ஒரு படலம்தான் மிஞ்சியது, பார்ப்பதற்கு வெயிலில் காய்ந்தது போல. ஒலி போகிற மாதிரிப் போய், போகாத மாதிரி நிற்பதற்குச் சரியான படலம்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மேடம் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார். நான்காவது வகை ஹௌதா ஒன்று உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அதற்குச் சத்தம் கிடையாது.

அந்தோணிசாமி எழுந்து நின்றுவிட்டார். "எங்க வூட்டுக் களிங்க," என்றார். "எங்க வூட்டுக் களிதாங்க எனக்கு ஓட்டை போட்டுருக்குது." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல அலைகளை வைத்துத் தலைகீழ்க் கணக்குத்தான் போட வேண்டும்.

ஆடுகளின் சொந்தக்காரி முனியம்மா கையில் கோலோடு வந்து சேர்ந்தார். புதருக்குப் பின்னாலிருந்து மூன்று உத்தியோகஸ்தர்கள் எழுந்ததில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

"ஏங்க்கா, அன்னிக்கும் உங்க ஆடுங்கதான் நக்குச்சா?" என்றேன்.

"ஆமாங்க. அன்னிக்கி ஒரு நாளு தடவிப் பழக்கிவுட்டுப் போயிட்டீங்க. அதுலருந்து தெனமும் இங்க வந்து நின்னுக்குது. மேயவே மாட்டேங்குது."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஆட்டுக்குன்னுதான் தடவறீங்கன்னு நெனச்சேன். கவர்மெண்டுல என்னென்னமோ திட்டம் கொண்டாறாங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

அடுத்த நாள் கிரீஸ் தடவி அளந்தோம். ஆடுகள் வந்து மோந்து பார்த்துவிட்டு, எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று முகத்துக்கு நேராகத் தும்மிவிட்டுப் போயின. இந்தத் தடவை நான் எதையும் பாதியாக்கவில்லை. காலை அளவும் பிற்பகல் அளவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்திருந்தன. பெங்களூரில் பிரின்டர் படத்தை அடித்துத் தள்ளியது: புள்ளி, புள்ளி, புள்ளி. பெயர்ந்து விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு கூட்டல் குறிகள், தோல் சிராய்த்த மாதிரி. மற்றபடி தூண் முழுக்கப் புள்ளிதான். காய்ச்சல்காரக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மனிதர் பார்த்துப் பார்த்துப் போட்ட காங்கிரீட் அப்படித்தான் இருக்கும்.

மேடம் அறிக்கை எழுதினார். களியும் ஆடும் அதில் "இணைப்புப் பசையின் சீரற்ற இழப்பு" என்று ஒரே வரியில் அடங்கின. அந்தோணிசாமியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஓடத் தடையில்லை என்று உத்தரவும் போனது.

ஆனால் பஸ் ஓடவில்லை. உத்தரவை டிரைவர் துரைசாமி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். சேதி பெங்களூருக்கு வந்தது. மேடம் புதுப்படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "உங்கள் டீக்கடைக்குப் போவோம்" என்றார்.

அதே பெஞ்சில் அதே கூட்டத்தின் முன்னால் படத்தை விரித்து, நான் முன்பு காட்டியது தப்பு, ஆடு நக்கியதால் வந்தது என்று சொன்னேன். எவ்வளவு சுருக்கமாகச் சொன்னாலும் அது நல்ல பேச்சாகக் கேட்காது.

"ஆடு நக்குனா தூணுக்குள்ள ஆளு தெரியுமா?" என்றார் டீக்கடைக்காரர்.

"வேலையக் காப்பாத்திக்க அந்தோணிசாமி என்னமோ குடுத்திருக்காப்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தோணிசாமி அங்கேதான் நின்றிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, உத்தரவு வந்து வேலை திரும்பக் கிடைத்தும் அவருக்கு இன்னும் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை என்று புரிந்தது.

துரைசாமி படத்தை இந்த முறை நேராகப் பிடித்துப் பார்த்தார். "படத்த நான் நம்பறங்க. ஆனா ஒண்ணு. நீங்க மூணு பேரும் தூணுக்கு அடியில போயி நில்லுங்க. நான் வண்டிய ஓட்டறேன்."

"ஹௌதா?" என்றார் மேடம், மிகக் குறுகியதாக. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். அந்தோணிசாமி அவருக்கு முன்னாலேயே போய்த் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விஞ்ஞானத்தின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கையாண்ட ஆள் யார் என்று எனக்குத் தெரியும், அதுதான் விஷயம். ஆனால் கரையில் ஊரே நிற்கிறது. போய் நின்றேன்.

பஸ் வந்தது. துரைசாமி காலியாக ஓட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் போக வேண்டிய ஜனம் "நடந்து நடந்து காலு போச்சு" என்று அதற்குள் ஏறி, கூரைமேலும் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் பாலம் உறுமியது. தூண் என் முதுகில் லேசாக அதிர்ந்தது. அந்தோணிசாமி கண்ணை மூடி ஜெபம் சொன்னார். மேடம் தூணில் உள்ளங்கையை வைத்து, அந்த அதிர்வைக்கூட அளப்பவர் மாதிரி நின்றார். என் தலையில் ஒரு பிடி மண் கொட்டியது. அப்புறம் உறுமல் எதிர்க்கரையில் ஏறி, ஹாரனாக மாறியது. துரைசாமி விடாமல் அடித்த ஹாரன் அது. கரையில் விசில் கிளம்பியது. யாரோ, "ஓவர்சியரு தூணு டோய்!" என்று கத்தினார்கள். அந்தோணிசாமி கண்ணைத் திறந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார். அன்று அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றிருந்தேன். கூட்டம் பஸ்ஸோடும் அந்தோணிசாமியோடும் போய்விட்டது. மிஞ்சியது முனியம்மாவும் ஆடுகளும்தான். என் கையிலிருந்த படத்தை அவர் வாங்கி, புள்ளி புள்ளியாக விரிந்துகிடந்ததை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோதானுங்களா?" என்றார். "போன தடவ கொண்டாந்ததுலயாச்சும் பாக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தான்."